24 டிகிரி யாருக்கு?

ஏ.சி. இயந்திரங்களின் வெப்பநிலையை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறக்க முடியாதபடியும், 28 டிகிரிக்கு மேலே ஏற்ற முடியாதபடியும் புதிய விதி கொண்டுவரப்படும் என்று 2025 ஜூன் மாதம் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர் அறிவித்தார். தலைநகர் தில்லியில் அது ஏற்படுத்திய சலசலப்பு கொஞ்சநஞ்சமல்ல. சொந்தக் காசில் வாங்கிய இயந்திரத்தை, சொந்தக் காசில் மின் கட்டணம் செலுத்தி, சொந்த வீட்டுக்குள் எப்படி இயக்குவது என்பதை அரசா சொல்வது என ஒரு சாரார் கொதித்தனர். புவி வெப்பமடைந்துவரும் காலத்தில் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று இன்னொரு சாரார் கேட்டனர். விதி உடனடியாக நடைமுறைக்கு வரப்போவதில்லை என்று சுற்றுச்சூழல் துறை அமைச்சர் பூபேந்தர் யாதவ் விளக்கம் அளித்ததும் விவாதம் அடங்கிவிட்டது. அத்தனை எளிதில் அடங்கியிருக்க வேண்டிய விவாதமல்ல அது.

தனிமனிதரின் நுகர்வுப் பழக்கத்தை மாற்றினால் சுற்றுச்சூழல் காக்கப்படும் என்பது மத்திய அரசு உலக அரங்கில் உரக்கச் சொல்லிவரும் கருத்து. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி முன்வைத்த 'லைஃப்' திட்டம், 2022 அக்டோபரில் குஜராத்தின் கேவடியாவில் ஐ.நா. பொதுச் செயலர் அந்தோனியோ குட்டெரெஸ் முன்னிலையில் இயக்கமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கத்தக்க 75 செயல்கள் அதில் பட்டியலிடப்பட்டன. சிக்னலில் நிற்கும்போது வண்டியின் என்ஜினை அணைப்பது அவற்றுள் ஒன்று. ஏ.சி.யை 24 டிகிரியில் வைப்பது மற்றொன்று.

நல்ல யோசனைதான். ஆனால், யாருக்குச் சொல்லப்படும் யோசனை? மத்திய அரசே 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்தின்படி, 2017-18-ல் அறை ஏ.சி. வசதி பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 8 சதவீதத்தினர் மட்டுமே. அதன் பிறகு விற்பனை வேகமெடுத்து, இன்று ஓர் ஆண்டில் ஒரு கோடிக்கும் அதிகமான ஏ.சி.க்கள் விற்கின்றன என்றாலும், நாட்டின் மிகப் பெரும்பாலான வீடுகளில் இன்னும் மின்விசிறிதான் சுழல்கிறது. 24 டிகிரி என்ற அறிவுரை இவர்களைத் தொடுவதே இல்லை. அதே பட்டியலில் உள்ள சைக்கிளில் செல்லுங்கள், பேருந்தில் ஏறுங்கள் என்ற அறிவுரைகளோ, வேறு வழியின்றி ஏற்கெனவே அவற்றைச் செய்துகொண்டிருப்பவர்களுக்குச் சொல்லப்படுகின்றன.

கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூன்று நட்சத்திரக் குறியீடு பெற்ற ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் இயங்கினால், சுமார் 1,000 யூனிட் மின்சாரம் செலவாகும். இந்தியாவில் ஆண்டொன்றுக்குத் தனிநபர் மின் நுகர்வு சராசரியாக 1,400 யூனிட்டை ஒட்டியே இருக்கிறது. அதுவும் ஆலைகள், ரயில்கள், வயல்வெளி மோட்டார்கள் அனைத்தையும் சேர்த்து, மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் எண். நான்கு அறைகளில் நான்கு ஏ.சி. ஓடும் வீட்டையும், ஒற்றை விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள குடிசையையும் ஒரே 'குடிமகன்' என்ற சொல்லுக்குள் அடக்கி அறிவுரை வழங்குவதில் உள்ள அபத்தம் இதிலிருந்து விளங்கும்.

இந்த அபத்தத்தை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களில் இந்தியர்கள் முன்னிலையில் இருந்தார்கள் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. 1991-ல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வெளியிட்ட சிறு நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிழைப்புக்காக நெல் விளைவிக்கும் ஆசிய விவசாயியின் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனையும், மேலைநாட்டுக்காரரின் சொகுசுக் கார் கக்கும் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. உயிர் வாழ்வதற்கான உமிழ்வு வேறு, ஆடம்பரத்துக்கான உமிழ்வு வேறு என்ற அந்த வாதம், 1992 ரியோ மாநாடு தொட்டு இன்றுவரை இந்தியா பேசிவரும் நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்த்தது. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியேற்ற, இந்தியர் ஒருவரின் பங்கு 2 டன் அளவில்தான் இருக்கிறது என்று நமது பிரதிநிதிகள் ஒவ்வொரு மாநாட்டிலும் சுட்டிக்காட்டுவது முற்றிலும் நியாயமே.

தில்லிக்குத் திரும்பியதும் அந்த நியாயம் மறந்துபோகிறது. இரண்டு டன் என்ற சராசரி குறைவாக இருப்பதற்குக் காரணம், சிக்கனமான பணக்காரர்கள் அல்ல. எதையும் நுகர வழியில்லாத கோடிக்கணக்கான ஏழைகள். 2007-ல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு வெளியிட்ட அறிக்கை, மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ளவர்கள், 3,000 ரூபாய்க்குக் கீழ் வருவாய் உள்ளவர்களைப்போல ஏறத்தாழ நாலரை மடங்கு கரியமில வாயுவை வெளியேற்றுகின்றனர் என்று கணக்கிட்டது. ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் தலைப்பே சொன்ன குற்றச்சாட்டு. அன்றைய ரூபாய்க் கணக்குகள் காலாவதியாகியிருக்கலாம். ஒளிந்துகொள்வது தொடர்கிறது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வீட்டில் நான்கு டிகிரி கூட்டி வைப்பதால் அனல் மின்நிலையத்தின் புகை குறைந்துவிடுமா, பழியை மக்கள்மீது போட்டுவிட்டு ஆலைகளும் அரசும் தப்பித்துக்கொள்வதற்கான தந்திரம் அல்லவா இது என்று அவர்கள் கேட்கிறார்கள். தந்திரம் என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு. தனிமனிதரின் 'கார்பன் தடம்' என்ற சொற்றொடரை 2000-களின் நடுப்பகுதியில் பெரும் விளம்பரச் செலவில் வீடுதோறும் கொண்டுசேர்த்தது பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம். எண்ணெய் விற்பவரே, வாங்குபவரைப் பார்த்து உன் தடம் எவ்வளவு என்று கேட்ட விசித்திரம் அது.

ஆனாலும் ஏ.சி. விஷயத்தில் தனிப் பழக்கம் அற்பமானது என்று சொல்லிவிட இயலாது. 2024 ஜூன் 19 அன்று தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. அதுவரை காணாத உச்சம். அன்றைய இரவிலும் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக்குள்ளிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. உள்ளே எவ்வளவு குளிர வைக்கிறோமோ அவ்வளவு அனல் வெளியே. கட்டடத்தின் பின்புறச் சுவரில் வரிசையாகத் தொங்கும் கம்ப்ரஸர்களின் கீழே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காவலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படுக்கையறை ஏ.சி.க்கள் ஓடத் தொடங்குவதோ சூரிய மின்சாரம் முடங்கிய பிறகு. அந்த நேரத்துத் தேவையைப் பெரும்பாலும் நிலக்கரியே ஈடுகட்டுகிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தி சிக்கன அமைப்பு. 20-க்கும் 24-க்கும் உள்ள இடைவெளி, அந்த இயந்திரத்தின் செலவில் ஏறக்குறைய கால் பங்கு.

அப்படியானால் மக்களை மாற்றுவது எப்படி? பிரசாரத்தால் அல்ல என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள் அனைத்தும், இயக்கியவுடன் தாமாகவே 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. யாரையும் தடுக்காத விதி. வேண்டியவர் குறைத்துக்கொள்ளலாம். ஆயினும், குறைப்பதற்கு ஒரு முறை பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஜப்பானோ 2005-ல் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அலுவலகங்களில் கோடைக்கால வெப்பநிலையை 28 டிகிரியாக வைக்கச் சொன்ன அந்நாட்டு அரசு, வெறும் அறிவுரையோடு நிற்கவில்லை. கோட்டும் டையும் தேவையில்லை என்று அறிவித்து, பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் காட்சி தந்தார். கோட்டு அணிந்தவருக்கு 28 டிகிரி தாங்காது என்பதை அந்த அரசு புரிந்துவைத்திருந்தது. நமது தலைநகரில் மே மாதத்து நண்பகலில் கோட்டு அணிந்த அதிகாரிகள் கூட்டம் நடத்துகிறார்கள். பக்கத்து அறையில் எழுத்தர் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோப்புப் பார்க்கிறார். இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

வரிக் கொள்கையைப் பார்த்தால் அரசின் எண்ணம் என்னவென்றே விளங்கவில்லை. ஏ.சி.யின் பயன்பாட்டுக்கு வரம்பு விதிக்கப்போவதாக அறிவித்த அதே 2025-ல், செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மின்சாரத்தை விழுங்கும் ஒரு நட்சத்திர இயந்திரத்துக்கும், சிக்கனமான ஐந்து நட்சத்திர இயந்திரத்துக்கும் ஒரே சலுகை. ஏழை வீட்டின் மின்விசிறிக்கும் அதே 18 சதவீதம்தான். சாதாரண மின்விசிறி 70 முதல் 75 வாட் வரை எடுத்துக்கொள்ளும்போது, பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதுவகை விசிறி 30 வாட்டை ஒட்டியே எடுத்துக்கொள்கிறது. விலை அதிகம் என்பதால் அது தேவைப்படும் வீட்டை எட்டுவதில்லை. ஐந்து நட்சத்திர ஏ.சி.க்கும் இந்த விசிறிக்கும் மட்டும் வரியைக் குறைத்திருந்தால், 75 செயல்களின் பட்டியலைவிட அது அதிகம் பேசியிருக்கும்.

வாடகை வீடுகளின் கதை வேறு. ஏ.சி.யை வாங்கி மாட்டுபவர் வீட்டு உரிமையாளர். மின் கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். விலை மலிவான இயந்திரம் உரிமையாளருக்கு லாபம். தில்லி போன்ற நகரத்தில் இந்தப் பிணக்கை எந்தப் பழக்க மாற்றமும் தீர்க்காது. கண்ணாடிச் சுவர்களால் மூடி, மேற்கு வெயிலை முழுவதுமாக உள்ளே விட்டு, பிறகு அதை இயந்திரத்தால் வெளியேற்றும் குருகிராம் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். தடித்த சுவரும், கல் ஜாலியும், நனைத்த வெட்டிவேர்த் தட்டியும் கோடையை எதிர்கொண்ட ஊர் இது.

மறுபுறம், பல ஆண்டுச் சேமிப்புக்குப் பின் மாதத் தவணையில் முதல் ஏ.சி. வாங்கி, குடும்பமே அந்த ஓர் அறையில் படுத்து உறங்கும் வீடுகள் பெருகிவருகின்றன. அங்கே மீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் இயந்திரம் ஓடுகிறது. வயோதிகரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில், 45 டிகிரி வெயில் நாளில் அது ஆடம்பரம் ஆகாது. இவர்களை நோக்கி விரல் நீட்டுவது, 1991-ல் நெல் விவசாயியை நோக்கி மேலைநாடுகள் விரல் நீட்டியதற்கு ஒப்பானது. முதல் ஏ.சி.யை விட்டுவிட்டு, மூன்றாவது ஏ.சி.யின் மீது சுமையை ஏற்றும் கருவி மின் வாரியங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நுகர்வு கூடக்கூட யூனிட்டுக்கான கட்டணமும் கூடும் படிநிலை முறையே அது. அதன் உச்சப் படியை இன்னும் செங்குத்தாக்கி, கிடைக்கும் தொகையை ஏழை வீட்டுக் கூரைகளைக் குளிரவைக்கவும் சிக்கன விசிறிகளுக்கும் செலவிட எந்த மாநில அரசும் துணிந்ததில்லை. உச்சப் படியில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, குரலில் குறைவல்ல.

குளிரூட்டல் செயல்திட்டத்தின் கணிப்புப்படி, ஏ.சி. வசதி பெற்றோர் விகிதம் 2027-28-ல் 21 ஆகவும், 2037-38-ல் 40 ஆகவும் உயரும். கிகாலி உடன்பாட்டின்படி எச்.எஃப்.சி. வகைக் குளிரூட்டி வாயுக்களின் பயன்பாட்டை 2028-ல் உறையச் செய்து, 2032 முதல் படிப்படியாகக் குறைக்கவும் இந்தியா 2021-ல் ஒப்புதல் அளித்திருக்கிறது. இன்று புதிய ஏ.சி.க்களில் பரவலாக நிரப்பப்படும் ஆர்-32 வாயு ஒரு கிலோ கசிந்தால், 675 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தை உண்டாக்கும். பழுது பார்க்க வரும் மெக்கானிக், எஞ்சிய வாயுவைப் பிடித்துச் சேமிக்கச் சாதனம் இல்லாமல் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பிவிட்டுப் போவது தெருத்தெருவாக நடக்கிறது. அவருக்குப் பயிற்சியும் கருவியும், பிடித்த வாயுவுக்கு விலையும் கிடைக்க வழிசெய்வது எந்த வீட்டுக்காரரின் பழக்கத்தாலும் ஆகக்கூடியதன்று.