டிங்கி தடுப்பூசி: முன்கூட்டியே எடுக்கப்படாத ரத்தம்

கியூடெங்கா எனும் டிங்கி தடுப்பூசி 2024 ஜூன் மாதம் முதல் மலேசியாவில் கிடைக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அதற்கு நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் அந்த ஆண்டு பிப்ரவரியில் வழங்கப்பட்டது. தனியார் கிளினிக்கில் பணம் கட்டித்தான் போட வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆறு ஊசிக்கான செலவு.

செலவை விடப் பெரிய தயக்கம் ஒன்று பெற்றோரிடம் உண்டு. “பிலிப்பைன்ஸில் டிங்கி ஊசி போட்ட பிள்ளைகள் இறந்து போனார்களாமே?” என்ற கேள்விதான் அது. அங்கே போடப்பட்டது வேறு ஊசி. சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்சியா. ஆனாலும் இந்தக் கேள்வியை வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தடுப்பூசி உருவாகும்போது நிறுவனத்துக்கு வழிகாட்டும் அறிவியலாளர்கள் எந்தக் கேள்வியை எப்போது கேட்கிறார்கள் என்பதில்தான் அந்த விவகாரத்தின் வேர் இருக்கிறது.

டிங்கி கிருமியில் நான்கு வகை. ஒரு வகை ஒருமுறை தாக்கினால் அந்த வகைக்கு எதிராக உடல் தேறிவிடும். பிறகு வேறு வகை வரும்போதுதான் சிக்கல். முதல் முறை உருவான எதிர்ப்புப் பொருள் புதிய கிருமியை அடையாளம் காணும், ஆனால் அடக்காது. சில சமயம் கிருமி உயிரணுவுக்குள் நுழைய அதுவே வழிவிடும். கதவைப் பூட்ட வேண்டிய காவலாளியே கதவைத் திறந்துவிடுவது போல. இரண்டாவது டிங்கி கடுமையாக இருப்பதை 1960களிலேயே பேங்காக்கில் ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட்.

அப்படியானால், இதுவரை டிங்கியே வராத பிள்ளைக்கு ஊசி போட்டால், அந்த ஊசியே முதல் டிங்கி போல் வேலை செய்துவிடாதா? அடுத்த கொசுக்கடி இரண்டாவது டிங்கி ஆகிவிடாதா?

இதற்கு விடை காண ஒரு வழி இருந்தது. ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையின் ரத்தத்தையும் எடுத்து வைப்பது. டெங்வாக்சியாவின் ஆசியச் சோதனை மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், 10,275 பிள்ளைகளிடம் நடந்தது. ஆனால் ஊசிக்கு முந்தைய ரத்தம் எடுக்கப்பட்டது அவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே. ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் ரத்தம் எடுப்பதற்குச் செலவு அதிகம், பெற்றோரும் தயங்குவார்கள். எனினும் கேள்வி புதிதல்ல என்பதால் இந்தக் குறையை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2014இல் வெளியான முடிவில் ஊசியின் பாதுகாப்பு 56.5 விழுக்காடு. மூன்றாம் ஆண்டில் கதை மாறியது. 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளில், ஊசி போட்டவர்கள் டிங்கியால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு போடாதவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான்: 15 பேர், எதிர்ப்பக்கம் ஒருவர். இது தெரிய வந்ததற்கும் ஆலோசகர்களே காரணம். டிங்கி ஊசியைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர்கள் முன்பே வலியுறுத்தியிருந்தார்கள்.

காரணம் வயதா, முன்பு டிங்கி வராததா? ரத்தம் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லாததால் வயது எல்லை போடப்பட்டது: 9 வயதுக்கு மேல். பிலிப்பைன்ஸ் 2016 ஏப்ரலில் பள்ளிகளில் ஊசி போடத் தொடங்கியது. 8 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். ஹால்ஸ்டெட் எச்சரித்துக்கொண்டே இருந்தார். 

ஊசிக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளிடமும் எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் புதிய முறையில் ஆராய்ந்து, 2017 நவம்பர் 29இல் சனோஃபியே விடையை அறிவித்தது. முன்பு டிங்கி வந்தவர்களுக்கு ஊசி நல்ல பாதுகாப்பு. வராதவர்களுக்குக் கடும் டிங்கி அபாயம் கூடுதல். சில நாள்களில் பிலிப்பைன்ஸ் திட்டத்தை நிறுத்தியது. 14 மரணங்களை ஆராய்ந்த மருத்துவர் குழு, மூவர் ஊசி போட்டும் டிங்கியால் இறந்ததாகக் கூறியது. ஊசிதான் கொன்றது என்பது அதில் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் மக்கள் அந்த வேறுபாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. தடுப்பூசி முக்கியம் என்று அங்கே உறுதியாக நம்பியவர்கள் 2015இல் 93 விழுக்காடு, 2018இல் 32 விழுக்காடு. 2019இல் தட்டம்மை பரவியது.

ஆலோசகர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். நிறுவனமே நியமித்துப் பணம் கொடுக்கும் குழு ஒன்று. யாருக்கு எந்த ஊசி என்பது தெரிந்து சோதனையின் தரவைப் பார்க்கும், ஆபத்து என்றால் சோதனையை நிறுத்தச் சொல்லும் தனிக்குழு இன்னொன்று. இவற்றுக்கு அப்பால் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள். “வல்லுநர் குழு ஆய்வு செய்தது” என்று செய்தியில் படிக்கும்போது, அது எந்தக் குழு என்று கேட்பது தவறாகாது.

கியூடெங்கா இந்தப் பாடத்துக்குப் பின் வந்தது. பேங்காக்கின் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் வலுக்குறைக்கப்பட்ட கிருமியிலிருந்து அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் வடிவமைத்தது. இன்விராஜென் எனும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் வளர்த்தெடுத்தது. 2013இல் அந்நிறுவனத்தை ஜப்பானின் தக்கேடா வாங்கியது. ஏறக்குறைய 20,000 பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையில், எல்லாரிடமும் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுக்கப்பட்டது. அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. முதல் ஓராண்டில் பாதுகாப்பு 80.2 விழுக்காடு.

பிரித்துப் பார்த்ததில் குறையும் தெரிந்தது. டிங்கியே வராதவர்களுக்கு மூன்றாம் வகைக் கிருமியிடமிருந்து இந்த ஊசி பாதுகாத்ததாகக் காட்ட முடியவில்லை. நான்காம் வகையில் முடிவு சொல்லப் போதிய நோயாளிகள் இல்லை. இதனால்தான் உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் 2023இல், டிங்கி மிகுந்து பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதினருக்கு என்று வரம்பு வைத்துப் பரிந்துரைத்தார்கள்.

மலேசியாவில் 2019இல் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். 2023இல் 1,23,133 பேர், இறந்தவர்கள் 100. தோட்டத்தை விட்டு சிலாங்கூரின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களுக்கு இது புள்ளிவிவரம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுச் செய்தி. கியூடெங்கா போட முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் பிள்ளைக்கு முன்பு டிங்கி வந்ததா என்பதை டாக்டரிடம் சொல்வதற்கும், வராத பிள்ளைக்கு மூன்றாம் வகையைப் பற்றிக் கேட்பதற்கும் கட்டணம் எதுவும் இல்லை.