மாற்றும் முன் ஆராய்வோம்!



திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் அமைந்த கோலா தெர்லாவுக்கு மழையும் மூடுபனியும் புதியவை அல்ல. அத்தகைய காலைப் பொழுதுகளில் பழைய மகிழுந்துகள் முரண்டு பிடிப்பதும் புதிதன்று. நின்ற இடத்திலேயே இயந்திரம் குலுங்கும். சீரான ஒலியில் இடையிடையே ஒரு துடிப்பு விடுபடும். எண்ணெய் மிதித்தால் தயங்கும். பட்டறையில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி, மலைச்சாலையில் லாரியை முந்தும் வேளையில் இப்படித் தயங்கினால் அது வெறும் தொல்லை அன்று, ஆபத்து.

இதைப் பற்றி ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. இக்கோளாற்றை நம்மில் பலர் அணுகும் முறை, விடை தெரியாத மாணவன் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாகத் தெரிவு செய்வதைப் போன்றது. முதலில் பிளக்கை மாற்றுகிறோம். சரியாகவில்லை. அடுத்து பிளக் வயர். அதன்பின் காயில். பிறகு கார்புரேட்டர். இறுதியில் வண்டி சீரானாலும், எதனால் சீரானது என்பது எவருக்கும் தெரிவதில்லை. பணம் போயிற்று, பாடமும் கிடைக்கவில்லை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயை அறிவதையும் அதன் மூலத்தை அறிவதையும் முன்வைத்து, அதன் பின்னரே தணிக்கும் வழியைச் சொல்கிறது. உடலுக்குச் சொன்ன அந்த வரிசை இயந்திரத்திற்கும் பொருந்தும்.

சற்றே விளக்குகிறேன். 1985 ஜூலை 9-இல் அறிமுகமான புரோட்டோன் சாகாவின் இயந்திரமும், கேமரன் மலையில் புகழ்பெற்ற பழைய லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் இயந்திரமும் நான்கு உருளைகள் கொண்டவை. அவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரியும். வண்டி நின்ற நிலையில் இயந்திரம் நிமிடத்திற்கு 750 சுற்று சுழன்றால், வினாடிக்கு 25 முறை எரிதல் நிகழ்கிறது. ஓர் உருளை எரியாமற்போனால் அவற்றுள் ஏறத்தாழ ஆறு விடுபடுகின்றன. நாம் உணரும் குலுக்கல் அதுதான். எரிவதற்குத் தேவையானவை மூன்று: உரிய நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, போதிய அழுத்தம். இம்மூன்றில் எது குறைந்தது என்று கண்டறிவதே ஆய்வு.

1. எப்போது நிகழ்கிறது என்று கவனியுங்கள். ஈரமான காலையில் மட்டும் எனில், பிளக் வயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் ஈரம் படிந்து மின்சாரம் கசியக்கூடும். நின்ற நிலையில் மட்டும் குலுங்கி, வேகமெடுத்தால் மறைகிறது எனில், விரிசல் விட்ட ரப்பர் குழாய்வழி காற்று கசிவதாக இருக்கலாம். மேடேறும்போது மட்டும் எனில், தீப்பொறி வலுவிழந்திருக்கலாம் அல்லது பெட்ரோல் போதாமல் இருக்கலாம்.

2. எந்த உருளை என்று கண்டறியுங்கள். இயந்திரம் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பது பழைய வண்டிகளுக்குரிய முறை. கழற்றியதும் ஓட்டம் தளர்ந்தால் அவ்வுருளை நலம். மாற்றமே இல்லையெனில் குற்றவாளி அதுவே! இதனைப் பழகியவரே, மின்காப்புள்ள இடுக்கியால் செய்ய வேண்டும். அதில் பாயும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி உள்ள வண்டிகளில் இதனைச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் அங்குச் சென்று எரிந்து அதனைப் பாழாக்கும். பின்னாளைய வண்டிகளில் கணினிக் கருவியே பி0301 முதல் பி0304 வரையிலான குறியீட்டால் உருளையின் எண்ணைச் சொல்லிவிடும்.

3. பிளக்கின் நிறத்தைப் படியுங்கள். இளம்பழுப்பு நலம். கரி படிந்த கறுப்பு, பெட்ரோல் மிகுதி. வெளுத்த வெண்மை, பெட்ரோல் குறைவு அல்லது மிகுந்த சூடு. எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே தேய்மானம்.

4. இடம் மாற்றிப் பாருங்கள். பழுதான உருளையின் பிளக்கை அடுத்த உருளையின் பிளக்கோடு மாற்றுங்கள். கோளாறு உடன் நகர்ந்தால் பிளக்கே காரணம். நகரவில்லையெனில் பிளக் குற்றமற்றது. அதன் பின்னரே வயரையும் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு உருளைகளில் அழுத்தம் குறைந்திருந்தால், இடையிலுள்ள கேஸ்கெட் கிழிந்திருக்கக்கூடும்.

இங்கு நம் மலைக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதனை அறியாது. ஈப்போவில் சரியாக இருந்த கலவை மலையேறியதும் ஏறக்குறைய 7 விழுக்காடு பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். கீழே சீராக ஓடிய வண்டி இங்கு நான்கு பிளக்குகளும் கறுத்து நின்றால், பெரும்பாலும் எப்பொருளும் கெட்டுப்போகவில்லை. கலவையைத் திருத்தினால் போதும். அவ்வாறு திருத்திய வண்டியைச் சமவெளியில் நெடுநாள் ஓட்டினால், அங்குப் பெட்ரோல் குறைந்து இயந்திரம் மிகையாகச் சூடேறும். இதனை அறியாதவரே புதுக் கார்புரேட்டருக்குப் பணம் செலவழிப்பர்.

ஆசிரியர்களே, மேற்கண்ட நான்கு படிகளும் எங்கோ கேட்டவை போல் தோன்றவில்லையா? நாம் அறிவியல் பாடத்தில் கற்பிக்கும் உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், பரிசோதனை செய்தல் ஆகியவைதாமே இவை! பிளக்கை இடம் மாற்றும்போது பிளக்கே தற்சார்பு மாறி. மற்றவை அனைத்தும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே நாளில் மூன்று பொருள்களை மாற்றுபவர் இவ்விதியை மீறுகிறார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும் மாறிகளை மனனம் செய்யும் பழக்கம் நீங்கியதா? வரையறையை ஒப்புவிக்கும் மாணவன், வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் அதனைக் காணத் தவறினால், நாம் கற்பித்தது என்ன?

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்” என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். குத்துமதிப்பாகப் பொருள் மாற்றுபவருக்கு வேண்டுமானால் படிப்பு தேவையில்லாமல் இருக்கலாம். பழுதின் மூலத்தைக் கண்டறிபவருக்குப் பொறுமை, தருக்கம், மின்னியல், வேதியியல் அனைத்தும் வேண்டும். நம் நாட்டின் தொழிற்கல்விக் கல்லூரிகளில் வாகனத் தொழில்நுட்பம் ஒரு துறையாகவே கற்பிக்கப்படுகிறது. அத்துறைக்குச் செல்ல விரும்பும் பிள்ளையை, தோற்றுப்போனவனாக நினைப்பது அறிவுடைமையா? அப்படி நினைத்து நினைத்தே நல்ல கைகளை இழந்துவிட்டு, நல்ல மெக்கானிக் கிடைக்கவில்லையே என்று பின்னர் வருந்துகிறோம்.

ஆகவே, அடுத்த முறை வண்டி குலுங்கினால் உடனே பணப்பையைத் திறக்காதீர்கள். பிள்ளையை அருகில் அழையுங்கள். எப்போது குலுங்குகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அத்தாளோடு பட்டறைக்குச் செல்லுங்கள். “எதை மாற்றப் போகிறீர்கள்?” என்பதைவிட, “எதனால் என்று எப்படிக் கண்டறிந்தீர்கள்?” என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ந்து விளக்குவார். அவ்விளக்கத்தைக் காதாரக் கேட்கும் பிள்ளைக்கு அன்று கிடைப்பது, எந்தப் பயிற்றியிலும் இல்லாத அறிவியல் பாடம்.

ஆராய்வோம், அதன்பின் மாற்றுவோம்.