திரும்பி வந்தவரின் சாட்சி



வடநாட்டில் பணிபுரியும் நம் சபை வாலிபர் ஒருவர், கடந்த குளிர்காலத்தில் ஜெபிக்கும்படி கேட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். நண்பர்களுடன் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு விளையாடச் செல்வதாகவும், எல்லாரும் செல்லும் குறிக்கப்பட்ட பாதையை விட்டு அப்பாலுள்ள மலைச்சரிவில் இறங்கப்போவதாகவும் எழுதியிருந்தார். "அங்கே பனியின் நிலை எப்படி என்று விசாரித்தீர்களா, தம்பி?" என்று கேட்டேன். "நீங்கள் ஜெபித்தால் போதும், ஐயா" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் என் மனதை உறுத்தியது. 2023 பிப்ரவரியில் அதே குல்மார்க்கின் அபர்வத் மலையில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் மாண்டார்கள். வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத பெரம்பலூர்க்காரனாகிய நான், அன்றிரவு பனியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

மலைமேல் பனி அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. மேகமற்ற கடுங்குளிர் இரவுகளில், ஆழமில்லாத பனியின் அடிப்பகுதி சர்க்கரை மணிகளைப்போல ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பலகைபோல் படியும். மேலே நிற்பவருக்கு அது உறுதியான தரையாகவே தோன்றும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. சறுக்கி விளையாட ஆசையூட்டும் சாய்வும் ஏறக்குறைய அதுவே!

ஆகவே தேர்ந்த வழிகாட்டி முதலில் குழி தோண்டுகிறார். அதன் சுவரில் அடுக்குகளை விரலால் அழுத்திப் பார்க்கிறார். 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பனித்தூணை வெட்டி, அதன்மேல் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்து 10 முறை, முழங்கையிலிருந்து 10 முறை, தோளிலிருந்து 10 முறை தட்டுகிறார். எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் தூண் அறுந்து வழுக்குகிறது என்பதைக் கவனிக்கிறார். நடக்கும்போது காலடியில் பனி 'வும்' என்று அமுங்கும் ஒலி கேட்டுவிட்டால் மேற்கொண்டு சோதனையே வேண்டியதில்லை. அந்தச் சரிவை விட்டுத் திரும்பிவிடுவார். ஒரு குழி முழு மலைக்கும் சாட்சி சொல்லாது என்பதையும் அவர் அறிவார். முன்னே நால்வர் சறுக்கிச் சென்ற தடம் இருப்பதும் அவருக்கு ஆதாரமல்ல. ஐந்தாமவரின் எடையில் அடுக்கு உடையலாம். உயிர்வாங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை, சிக்கிக்கொண்டவரோ அவருடைய தோழரோதான் தூண்டிவிடுகிறார்களாம்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இது புரியாத காரியமல்ல. சின்ன வெங்காயப் பட்டறையின் மேற்பரப்பைப் பார்த்து யாராவது விலை பேசுவார்களா? கையை உள்ளே விட்டு, எடுத்து, முகர்ந்து பார்த்த பிறகல்லவா பேச்சு!

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவு மூடிய மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப்பேரில் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாள்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று மரித்தார். அவர்கள் விளையாடப் போனவர்கள் அல்லர். கடமை நிறுத்திய இடத்தில் நின்றவர்கள். அவர்களுக்குத் திரும்பிவரும் உரிமை இல்லை. நமக்கு இருக்கிறது.

இது பனிமலைக்கு மட்டும் உரிய ஆபத்துமல்ல. 1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தின் கரையை வெள்ளம் அரித்திருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அந்த இருளில் வந்து கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வண்டியில் ஜெபித்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுடைய விசுவாசத்தில் குறைவிருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஆனாலும் நாம் சபையில் அப்படித்தான் பேசிப் பழகிவிட்டோம். சோதித்துப் பார்ப்பவரை அவிசுவாசி என்கிறோம், துணிந்து இறங்குபவரை விசுவாச வீரர் என்கிறோம். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நம் ஆண்டவரை நிறுத்திய பிசாசானவன் என்ன செய்தான்? தேவதூதர் தாங்கிக்கொள்வார்கள் என்று வேதவசனத்தையே காட்டிக் குதிக்கச் சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவின்மேல் நம்பிக்கையற்றா நின்றார்? வாக்குத்தத்தம் பாதாளத்தின் விளிம்பில் விளையாடுவதற்கான அனுமதிச்சீட்டு அல்ல என்பதே என் துணிபு.

இதில் எனக்கும் ஒரு குற்றம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஓர் ஐப்பசி மழையில், தண்ணீர் புரண்டோடிய தரைப்பாலத்தைக் கடந்து ஆராதனைக்கு வந்த குடும்பத்தை நான் பிரசங்க பீடத்தில் நின்று பாராட்டினேன். மறுவாரம் மழை ஓயவில்லை. மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே தண்ணீரில் இறங்கி வந்தன. கர்த்தருடைய கிருபையால் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அதே ஞாயிறன்று தண்ணீரைக் கண்டு சைக்கிளைத் திருப்பி, வீட்டிலேயே முழங்காலிட்ட பெரியவர் ஒருவரும் இருந்தார். அவரை நான் விசாரிக்கக்கூட இல்லை.

வாலிபரிடம் திரும்ப வருகிறேன். ஜெபிக்கிறேன், ஆனால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். அழைத்துச் சென்றார். இரண்டாம் நாள் வழிகாட்டி குழி தோண்டினார். சில தட்டுகளிலேயே தூண் அறுந்தது. அனைவரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டார். "பணம் வீணாகிவிட்டது, ஐயா" என்று வாலிபர் வருத்தத்தோடு எழுதினார். ஊருக்கு வரும்போது சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். "என்ன சொல்வது, ஐயா? ஒன்றும் நடக்கவில்லையே" என்றார்.

வரும் ஞாயிறு அவர் நம்மோடு இருப்பார். அந்த ஒன்றும் நடக்காத கதைக்குச் சாட்சி வேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். தரைப்பாலத்தில் வண்டியைத் திருப்பியவர்கள் உங்களுள் இருந்தால், சனிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். சைக்கிள் பெரியவரிடம் நானே நேரில் போய்க் கேட்கிறேன்.