பிறர்க்கென ஓடும் கால்கள்

ஓட்டம் என்றவுடன் வெற்றிக் கோப்பையையே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். முதலில் வருபவர் ஒருவரே. எஞ்சியோர் எதற்காக ஓடவேண்டும்?

இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த அவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரல் 12ஆம் நாள் செயற்கைக் காலுடன் அந்நாட்டின் கீழைக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலைப் பற்றவே ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், தம் 22ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவ்வாண்டு முதல் அவர் பெயரால் நடைபெறும் ஓட்டத்தில் போட்டியில்லை, நடப்போரும் கலந்துகொள்வர். யாருக்காக ஓடுகிறோம் என்பதை எழுதி உடையில் ஒட்டிக்கொள்வோர் பலர். தாயின் பெயரை நெஞ்சில் தாங்கியவர் பாதி வழியில் நின்றுவிட மனம் ஒப்புவாரா?

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. வணிக விளம்பரத்திற்குத் தம்மைப் பயன்படுத்த டெர்ரி இசையவில்லை. புகைப்படத்திற்காக ஓடுவது ஈகையாகாது.

நம் கல்லூரி விளையாட்டு விழாவிலும் பரிசில்லாத ஓர் ஓட்டம் இடம்பெறட்டும். அதில் கடைசியாக வரும் மாணவரின் வியர்வையும் ஒரு நோயாளிக்கு மருந்தாகும்.