சிற்றூழியருக்கும் பயிற்சி வேண்டும்

பனையால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவனை ஆசுபத்திரிக் கட்டிலுக்குத் தூக்குபவர் யார்? பெரும்பாலும் சிற்றூழியரே. தூக்கும் முறை அறியாராயின், நடக்கவேண்டியவன் முடமாவான். பயிற்சியின்றி அவரை நோயாளர் விடுதிக்குள் விடுவது நீதியாகுமா? சிபாரிசுக் கடிதம் நோயாளியைத் தூக்காது.

இப்பயிற்சியைத் தமிழிற் கொடுத்தல் இயலாதென்பார் உளர். மானிப்பாயில் 1848இல் மருத்துவர் கிறீன் தொடங்கிய வைத்தியக் கல்வி பின்னர் தமிழிலேயே நடந்தது. வைத்தியரையே தமிழில் உருவாக்கிய மண் சிற்றூழியரை உருவாக்காதா?

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சுகாதாரத்தில் மாகாணங்களுக்கும் அதிகாரம் தந்தது. ஆகவே, முதலில் தமிழிற் பயிற்சி, அடுத்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ், அதன்பின் நியமனம் என்பதே முறையாகட்டும். வழக்கு தவணை பொறுக்கும். நோயாளியின் உயிர் பொறுக்காது.