ஐந்து கோப்பை வாங்கியும் போதாத தகுதி

இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் போதும், என் நண்பர் ஒருவர் விளையாட்டை இழுத்து வருவார். "அங்கே திறமை மட்டும்தான் பேசும். ஸ்கோர்போர்டு யாரிடமும் சாதி கேட்காது" என்பார். நீங்களும் இதை ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். இப்போதெல்லாம் நான் அவருக்கு ஓர் அமெரிக்கக் கல்லூரி அணியின் கதையைப் பதிலாகச் சொல்கிறேன். அதில் சாதி இல்லை. ஆனால் 'தகுதி' என்ற சொல்லை யார் யாருக்கு எதிராக எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

ஐஸ் ஹாக்கியில் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம் கிடைத்தது 1998இல், ஜப்பானின் நகானோவில். அங்கே வெள்ளி வென்ற கனடா அணியின் பயிற்சியாளர் ஷானன் மில்லர். அதன் பின் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரப் பல்கலைக்கழகம், தான் புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணியை அவரிடம் ஒப்படைத்தது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அணியைக் கட்டினார். 2001, 2002, 2003, 2008, 2010 என ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

2014 டிசம்பரில், பருவம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோதே, அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று நிர்வாகம் அறிவித்தது. சொன்ன காரணம் பணம். கல்லூரிப் பெண்கள் ஹாக்கியில் அவருக்குத்தான் அதிக ஊதியமாம், அது கட்டுப்படியாகவில்லையாம். அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் ஹாக்கி அணிக்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். அதுவரை அவர் வென்றது ஒரே ஒரு தேசியப் பட்டம், 2011இல். அவருடைய ஊதியம் மில்லரைவிடக் கூடுதல். அவர் வேலை அப்படியே இருந்தது.

மில்லர் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் பேச்சு மாறியது. கடைசி சில ஆண்டுகளாக அணியின் ஆட்டம் சரியில்லை, அதுவும் காரணம் என்றார்கள். முதலில் பணம், பிறகு தகுதி! 2018 மார்ச்சில் நடுவர் குழு இதை ஏற்க மறுத்தது. பெண் என்பதால் பாகுபாடு காட்டப்பட்டது, பெண்களுக்குச் சம வாய்ப்பு இல்லை என்று புகார் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டார் என்று இரண்டையும் உறுதிசெய்து, ஏறத்தாழ 37 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தத் தொகையை நீதிபதி பின்னர் குறைத்தார். 2019 இறுதியில் சமரசத்தில் வழக்கு முடிந்தது.

என் நண்பர் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டார். "அவருக்குப் பதிலாக வந்தவரும் ஒரு பெண்தானே? பிறகென்ன பாகுபாடு?" ஆம், பெண்தான். ஆனால் பெண்ணுக்குப் பதில் பெண் வந்தாரா என்பதல்ல கேள்வி. ஒரே வளாகத்தில், ஒரே விளையாட்டில், ஆணுக்கு ஓர் அளவுகோலும் பெண்ணுக்கு வேறோர் அளவுகோலும் ஏன் என்பதுதான் கேள்வி. நாற்காலியில் ஒரு பெண் உட்காரலாம், ஆனால் அவள் விலை ஏறக் கூடாது என்பதற்குப் பெயர் சமத்துவமா?

அடுத்தது, "ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியவருக்காக நீ ஏன் அழுகிறாய்?" நான் அழவில்லை. ஐந்து பட்டமும் பெயரும் வழக்கறிஞரை அமர்த்த வசதியும் இருந்தவருக்கே இந்தக் கதி. வேலை போன பின் அவர் ஹாக்கியை விட்டு விலகி, கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் சுற்றுலாப் பயணிகளை வைத்து மிதிவண்டி ஓட்டும் சிறு தொழில் தொடங்கினார். அவருக்கே இப்படி என்றால், பட்டமும் பணமும் இல்லாமல் புகார் சொன்னவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் 9' சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண் பயிற்சியாளர்களே இருந்தார்கள். ஊதியம் சொற்பம், பலருக்கு அதுவும் கிடையாது. சட்டம் வந்தபின் அந்த அணிகளுக்குப் பணம் வந்தது, மதிப்பு வந்தது. உடனே ஆண்களும் வந்தார்கள். இன்று பெண்கள் அணிகளில் பாதிக்கும் குறைவாகத்தான் பெண் பயிற்சியாளர்கள். ஆண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் என்பதோ இன்றும் அபூர்வம். கூலியில்லாத காலத்தில் பெண்ணின் தகுதியை யாரும் சோதிக்கவில்லை. சம்பளம் வந்த பிறகுதான் தகுதித் தேர்வும் வந்தது.

இந்த வரிசை நமக்குப் புதிதா என்ன? மலம் அள்ளும் வேலைக்கு எவரும் 'மெரிட்' பட்டியல் கேட்டதில்லை. பேராசிரியர் நாற்காலிக்கு நம் ஆள் வந்து நின்றால் மட்டும் கேட்கிறார்கள். மதிப்பெண் எடுத்துக் காட்டினால் நேர்முகத் தேர்வு என்கிறார்கள். அதையும் தாண்டினால், "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதி இடத்தைக் காலியாக வைக்கிறார்கள். தகுதி என்பது ஒருவருக்கு வீட்டுச் சொத்து, இன்னொருவருக்குத் தினமும் எழுத வேண்டிய தேர்வு.

ஆகவே, தோழர்களே, "ஸ்கோர்போர்டு சாதி கேட்காது" என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள். உண்மைதான், அது கேட்பதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஸ்கோர்போர்டு அல்லவே! உங்கள் கல்லூரியில், அலுவலகத்தில், ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு நிதி நெருக்கடி என்றோ செயல்திறன் போதவில்லை என்றோ சொன்னால், பதிலுக்கு ஒன்றைக் கேளுங்கள். இதே கணக்கைப் பக்கத்து நாற்காலிக்கும் போட்டுப் பார்த்தீர்களா?