அந்த டெட்ரா பேக்ல இருந்தது ஓஆர்எஸ் இல்லைங்க

1/ சில வருஷம் முன்னாடி ஒரு நைட் டூட்டி. ஒரு அம்மா, இடுப்புல ஒன்றரை வயசுக் குழந்தை. கண்ணு உள்ள போயிருக்கு, நாக்கு காஞ்சிருக்கு. "ரெண்டு நாளா வயித்தால போகுது டாக்டர். ஓஆர்எஸ் கொடுத்துட்டேதான் இருக்கேன், நிக்கவே இல்ல." எந்த ஓஆர்எஸ்மான்னு கேட்டேன். பையில இருந்து எடுத்துக் காட்டினாங்க. ஆப்பிள் படம் போட்ட டெட்ரா பேக்.

2/ அந்த அம்மா மேல தப்பே இல்லை. கடையில ஓஆர்எஸ்னு கேட்டாங்க, ஓஆர்எஸ்னு எழுதின பெட்டி கிடைச்சது. கோபம் எல்லாம் அப்படி எழுதி வித்தவங்க மேலதான். ஏன்னு புரியணும்னா செல் சவ்வு பத்தித் தெரியணும். ஆமா, ஸ்கூல்ல படம் வரைஞ்சு மார்க் வாங்கிட்டு மறந்தீங்களே, அதேதான்.

3/ உங்க குடல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லையும் சுத்தி ரெண்டு அடுக்குக் கொழுப்புப் படலம். கனம் சுமார் 7 நானோமீட்டர்தான். ஆனா உப்பும் சர்க்கரையும் தானா அதைத் தாண்ட முடியாது. எண்ணெயில உப்பு கரையாதுல்ல, அதே கதைதான். உள்ள போகணும்னா சவ்வுல பதிஞ்சிருக்கிற புரதக் கதவு வழியாத்தான் போகணும்.

4/ அதுல ஒரு கதவுக்குப் பேர் எஸ்ஜிஎல்டி1. இதுக்கு ஒரு கண்டிஷன்: சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் உள்ள விடும். 1960ல ராபர்ட் கிரேன் சொன்ன விஷயம் இது. உள்ள வந்த சோடியத்தை செல்லோட பின்பக்கம் இருக்கிற பம்ப் ரத்தத்துப் பக்கம் தள்ளிடும். உப்பு எங்க போகுதோ, தண்ணியும் பின்னாடியே போகும்.

5/ இப்ப காலரா வந்தா என்ன ஆகுது? அந்தக் கிருமியோட நச்சு வேற ஒரு கதவை, குளோரைடு வெளியேறுற கதவை, மூடவிடாம பண்ணிடுது. உப்பும் தண்ணியும் குடலுக்குள்ள கொட்டுது. ஆனா எஸ்ஜிஎல்டி1 கதவு மட்டும் அப்பவும் வேலை செய்யுது! ஓஆர்எஸ் உயிரைக் காப்பாத்துறது இந்த ஒரே கதவை நம்பித்தான்.

6/ 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில அகதிகள் கூட்டம், காலரா, சலைன் பத்தலை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணியை டிரம்ல வச்சு, கூட இருந்த சொந்தக்காரங்களையே டம்ளர்ல கொடுக்க வச்சார். 100க்கு 30 பேர் வரை செத்துட்டு இருந்த இடத்துல, சாவு 4 பேருக்கும் கீழ வந்துச்சு.

7/ அந்தத் தண்ணியோட மகிமை எல்லாம் அளவுல இருக்கு. இன்னைக்கு உலக சுகாதார நிறுவன ஃபார்முலாபடி ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூட பொட்டாசியமும் சிட்ரேட்டும். அந்த ஜூஸ் பெட்டிகள் பலதுல லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல சர்க்கரை. சோடியம் ரொம்பக் கம்மி.

8/ கதவு தாங்காத சர்க்கரை குடலுக்குள்ளயே தங்கிடும். மாங்காயில உப்பைப் போட்டா தண்ணி விடுதுல்ல? அதே மாதிரி இந்தச் சர்க்கரை உடம்புத் தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும். பேதி கூடும். மருந்துன்னு நம்பிக் கொடுத்ததே நோயை வளர்க்குது.

9/ ஹைதராபாத்ல ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் தனியா போராடினாங்க. 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, ஃபார்முலாபடி இல்லாத எந்தப் பானத்துலயும் ஓஆர்எஸ்னு போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. சந்தோஷம். ஆனா லேபிள் மாறினா போதுமா? "சும்மா குளுக்கோஸ் தண்ணி குடுங்க", "ஒரு கூல்டிரிங்ஸ் குடுங்க"ன்னு சொல்ற வாய் மாறணும்ல?

10/ எங்க ஆளுங்களையும் விட மாட்டேன். நல்லா குடிக்கிற குழந்தைக்கும் ட்ரிப்ஸ் ஏத்துற டாக்டர்கள் இருக்காங்க. ஏத்தலைன்னா "இவர் என்ன டாக்டர்"னு கேக்கிற நீங்களும் இருக்கீங்க. சோர்ந்து போய்க் குடிக்கவே முடியாத குழந்தைக்கு ட்ரிப்ஸ் கட்டாயம் வேணும். மத்த குழந்தைக்கு அதே தண்ணியை ஊசியில்லாம குடலே உறிஞ்சிக்கும்.

11/ செய்ய வேண்டியது:
- கவர்ல "டபிள்யூஹெச்ஓ ஃபார்முலா"ன்னு போட்ட பவுடர் கேட்டு வாங்குங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.
- கவர்ல சொன்ன அளவு தண்ணியில முழுப் பாக்கெட்டையும் கரைங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து டம்ளர்ல கலக்காதீங்க.
- ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்க.
- 24 மணி நேரத்துக்கு மேல ஆனா கொட்டிடுங்க.
- தாய்ப்பால், சாப்பாடு நிறுத்தாதீங்க. ஜிங்க் மருந்து எவ்வளவுன்னு டாக்டரைக் கேளுங்க.

12/ மூத்திரம் போகலை, கண்ணு உள்ள போச்சு, மயங்கிக் கிடக்கு, மலத்துல ரத்தம், குடிக்க மாட்டேங்குது: இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. யோசிக்காதீங்க.

13/ அந்தக் குழந்தை பிழைச்சுக்கிச்சு. மறுநாள் காலையில அந்த அம்மா கேட்டாங்க, "நான்தான் தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?" இல்லம்மான்னு சொன்னேன். அந்தக் கேள்வி அவங்க கேக்க வேண்டியதே இல்லை. பெட்டியில அந்த மூணு எழுத்தை அச்சடிச்சவங்க கேட்டிருக்கணும்.